கேன்வாஸ் படத்தில் விளக்குக் கரியும் குங்குமமும் படிந்துவிட்டன: எப்படித் துடைப்பது?

கேள்வி: தறிவீட்டுக்காரர், பல்லடம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) மறைந்த பிறகு, அவருடைய பழைய ஒளிப்படம் ஒன்றைச் சீர்செய்து, இரண்டடிக்கு மூன்றடி அளவில் கேன்வாஸ் துணியில் அச்சிட்டு, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி வாங்கினோம். கண்ணாடி கிடையாது. துணி சட்டத்தின் பக்கவாட்டில் மடிந்து சென்று பின்புறத்தில் ஸ்டேப்ளர் பின் அடிக்கப்பட்டிருக்கிறது. படத்தை ஆசாரத்து (முன்கூடத்து) சுவரில் மாட்டி, அதன் கீழே ஒரு பலகையில் அந்திதோறும் நல்லெண்ணெய் விளக்கு வைக்கிறோம். அமாவாசையன்று அம்மா படத்தின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை சாற்றி, கற்பூரம் காட்டுவார்கள்.

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகப் படத்தை இறக்கியபோதுதான் அதன் உண்மையான நிலை தெரிந்தது. அடிப்பகுதி முழுவதும் சாம்பல் பூத்து, அப்பாருவின் வெள்ளை வேட்டி பழுப்பேறிய வேட்டியாகத் தெரிகிறது. விரலை வைத்தால் சற்றே பிசுக்கென்று ஒட்டுகிறது. வீட்டை ஒட்டியே தறிக்கூடம் இருப்பதால் நெசவு வரிகளுக்கு இடையில் பஞ்சுத் தூசி அடைந்து கிடக்கிறது. நெற்றியில் வைத்த பொட்டு காய்ந்து, ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குச் சிவந்த வட்டமாகப் பரவியிருக்கிறது. பின்புறத்தில் பல்லி எச்சம். வலது கீழ் மூலையில் துணி தொய்ந்து அலையடிக்கிறது.

சீயக்காய்த் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைக்கலாம் என்பது அம்மாவின் யோசனை. கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் போதும் என்கிறான் தம்பி. பக்கத்து வீட்டு மாமா உருளைக்கிழங்கை அரிந்து தேய்க்கச் சொல்கிறார். படத்தை அச்சிட்டுக் கொடுத்த கடையை இப்போது மூடிவிட்டார்கள், ஆகவே அவர்களிடம் கேட்கவும் வழியில்லை. படத்தில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லி, துவைத்த வேட்டியில் சுற்றிக் கட்டிலில் வைத்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பெரிய அச்சு, கோவை

யாரும் கை வைக்காமல் நிறுத்தியது மிக நல்ல காரியம். இத்தகைய படங்களுக்கு வருகிற சேதத்தில் பெரும்பகுதி அழுக்கினால் வருவதில்லை, அழுக்கை எடுக்கிறேன் என்று ஈரத் துணியை எடுப்பவர்களால் வருவது. அகல அச்சு இயந்திரம் ஓட்டுவது என் தொழில் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கேன்வாஸ் அச்சு என்பது நேரடியாகத் துணியின் மேல் விழுந்த மை அன்று. பருத்தி, பாலியஸ்டர் அல்லது இரண்டும் கலந்த துணியின் மேல் முதலில் ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சுதான் மையை வாங்கிப் பிடித்துக்கொள்கிறது. துணி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், உங்கள் அப்பாருவின் முகம் இருப்பது முடியிழையை விட மெல்லிய அந்தப் பூச்சில்தான். எனவே எந்த மை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தத் திரவத்தையும் தொடக் கூடாது.

நீரில் கலந்த நிறமி மையால் அச்சிட்டு, மேலே வார்னிஷ் பூசாமல் விட்டிருந்தால், ஈரம் பட்டதும் பூச்சு ஊறி இளகும். தேய்த்தால் மையோடு உரிந்து வரும். சாய மையாக இருந்தால் இன்னும் மோசம், நிறமே கரைந்து ஓடும். பிளக்ஸ் அடிக்கும் கடைகளில் உள்ள சால்வென்ட் வகை மை (தண்ணீருக்குப் பதில் வேதிக் கரைப்பானில் கலந்தது) தண்ணீருக்கு அசையாது, ஆனால் ஸ்பிரிட்டும் தின்னரும் பட்டால் கரைந்துவிடும். தண்ணீரைத் தாங்கும் படம் எதையும் தாங்கும் என்று நினைப்பது இங்கேதான் தவறிப்போகிறது. புற ஊதா ஒளியில் உலரும் மை இவற்றில் உறுதியானது, ஆயினும் சட்டத்தின் மடிப்பு விளிம்புகளில் அது வெடித்து உதிர வாய்ப்பு உண்டு.

கண்டுபிடிக்கும் வழி எளிது. படத்தைக் கவிழ்த்தால், அச்சு பின்பக்கம் வரை மடிந்து வந்திருக்கும் ஓர் ஓரம் தென்படும். வெள்ளைப் பஞ்சு சுற்றிய காது குடையும் குச்சியைத் தண்ணீரில் தொட்டு, பிழிந்துவிட்டு, அந்த ஓரத்தில் கருநிறமான ஓர் இடத்தில் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். தேய்க்க வேண்டாம். பஞ்சில் நிறம் ஏறினாலோ, தொட்ட இடம் விரலுக்குக் கொழகொழப்பாகத் தெரிந்தாலோ, அந்தப் படத்துக்குத் தண்ணீர் ஆகாது என்று முடிவு செய்துவிடலாம். நிறம் ஏறாவிட்டால் சிவப்பிலும் நீலத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லா நிறங்களும் ஒன்றுபோல நடப்பதில்லை.

இன்னொன்று, தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். உங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்தால் வெள்ளை உப்புத் திட்டு விடும். அது கருநிறப் பகுதிகளில் அழுக்கை விட அசிங்கமாகத் தெரியும். பேட்டரிக்கு மட்டம் சேர்க்க விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் மலிவானது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். அதே கடையில் பேட்டரி அமிலமும் விற்பார்கள், மூடியைத் திறப்பதற்கு முன்னால் சீட்டைப் படித்துவிடுங்கள்.

நீலத் திரவத்தில் ஆல்கஹாலோ அம்மோனியாவோ இருக்கும், வேண்டவே வேண்டாம். சீயக்காயில் நுரைக்கும் பொருளோடு நுண்ணிய நாரும் பழுப்புச் சாறும் சேர்ந்தே வரும். நெசவுக்குள் போனால் திரும்பி வராது. உருளைக்கிழங்கு மாவை விட்டுச் செல்லும், அதைத் தின்னப் பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் வரும்.

பதில்: தூரிகைப்பெட்டி, கோபிசெட்டிபாளையம்

கோவை அண்ணன் சொன்ன சோதனைக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் படத்தின் மேல் இருப்பது வெறும் தூசி அன்று, விளக்குக் கரி. முழுதும் எரியாத எண்ணெயும் கரித்துகளும் சேர்ந்த படலம் அது. திரியின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்துக் கண்மை கூட்டிய வீடுகளில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எண்ணெய்க் கரிக்கு அவ்வளவு ஒட்டும் குணம் உண்டு. ஈரத்துணியால் தேய்த்த மாத்திரத்தில் மேலே நின்ற கரி குழம்பாகி நெசவுப் பள்ளங்களுக்குள் இறங்கிவிடும். அதன் பிறகு எவராலும் எடுக்க முடியாது. ஆகவே உலர் வேலை முழுவதும் முடியும்வரை தண்ணீரை அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

முதலில் படத்தை மேசை விளிம்பில், முகம் உங்களைப் பார்க்கச் சற்று முன்பக்கம் சாய்வாக நிறுத்திக்கொள்ளுங்கள். அப்போதுதான் உதிரும் தூசி மீண்டும் படத்திலேயே விழாது. இரண்டங்குல அகலத்தில் மிருதுவான ஆட்டுமுடித் தூரிகை, ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும், அது போதும். மேலிருந்து கீழாக, எடையே இல்லாமல் நடத்துங்கள். பிறகு இடமிருந்து வலமாக. பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் ஒரே திசையில் தட்டினால் பாதித் தூசி அப்படியே நிற்கும் என்பதைத் தறி ஓட்டுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மயிலிறகு விசிறியும் கோழியிறகுத் துடைப்பமும் வேண்டாம். ஓர் இறகு ஒடிந்திருந்தால் அதன் தண்டு கீறிவிடும். பஞ்சுத் தூசியை மட்டும் தனியாகக் கவனியுங்கள். கஞ்சி போட்ட பாவிலிருந்து உதிரும் தூசியில் மாவும் சேர்ந்திருக்கும். ஈரம் பட்டால் அது பசையாகிவிடும் என்பதோடு, பூஞ்சைக்கு அது விருந்தும்கூட.

அதற்குப் பிறகு கரி. புகைக்கரி எடுப்பதற்கென்றே வல்கனைஸ் செய்த (கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கிய) ரப்பர் பஞ்சு விற்கிறார்கள், இணையத்தில் வாங்கலாம். அதை நீரில் நனைக்கக் கூடாது. சிறு துண்டாக வெட்டி, படத்தின் மேல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. பஞ்சின் முகம் கறுத்ததும் அந்தப் பகுதியை அரிந்து எறிந்துவிட்டுப் புதிய முகத்தால் தொடருங்கள். வேட்டிப் பகுதியில் தொடங்க வேண்டாம், பின்னணியில் ஒரு மூலையில் தொடங்குங்கள். மேலிருந்து கீழே வரவும். பாதியில் களைத்தால் நிறுத்திவிடுங்கள். கை களைத்ததும் அழுத்தம் கூடும்.

ஒற்றும்போது துணிக்குப் பின்னால் தாங்கல் வேண்டும். சட்டத்தின் உட்பகுதியில் மடித்த துண்டுகளையோ சட்டத்தின் கனத்துக்கு ஈடான புத்தகங்களையோ அடுக்கி, துணி அவற்றின் மேல் படுமாறு படத்தைப் படுக்கவையுங்கள். இல்லையென்றால் அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் துணி குழிந்து, உள்ளே உள்ள மரக்கட்டையின் விளிம்பு ஒரு கோடாக முன்பக்கம் பதிந்துவிடும். அந்தக் கோட்டைப் பிறகு நீக்குவது கரியை நீக்குவதை விடக் கடினம்.

பொட்டு விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்வேன். உதிரக்கூடிய பொடியைத் தூரிகையால் தட்டி எடுக்கலாம். மீதியைப் பிசைந்து பயன்படுத்தும் ஓவிய அழிப்பானைக் கூராக உருட்டி, ஒற்றி எடுக்கலாம். ஊறிப்போன சிவப்பு போகாது. சோப்பை மட்டும் நெருங்கவிடாதீர்கள்: சந்தனத்தில் மஞ்சள் கலந்திருந்தால், காரத்தன்மையுள்ள சோப்பு பட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறும், துணி துவைக்கும்போது நாம் பார்ப்பதுதான். அதே காரணத்தால் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் அந்த இடத்தில் தெறிக்கக் கூடாது. சுவர் வேலை முடிந்து தரையைக் கழுவித் துடைத்த பிறகே படத்தைத் திரும்ப மாட்டுங்கள்.

பதில்: ஆனைமலைச்சாரல், பொள்ளாச்சி

முன்பக்கத்தைப் பற்றி இருவரும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் படத்தின் முதுகைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் படங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கெடுகின்றன.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றின் ஈரம் எங்களுக்கு நேராக வருகிறது. ஆனி, ஆடியில் மேற்குப் பார்த்த வெளிச்சுவர் உள்ளேயும் குளிர்ந்திருக்கும். அந்தச் சுவரோடு ஒட்டி மாட்டிய படத்தின் பின்னால் காற்று அசையாது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபதை நெருங்கி அப்படியே நின்றால் பூஞ்சைக்கு வேறு அழைப்புத் தேவையில்லை. பல்லடத்தில் அவ்வளவு ஈரம் இருக்காது, ஆனால் கார்த்திகை மழையில் நனைந்த சுவர் எல்லா ஊரிலும் ஒன்றுதான். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டோ ரப்பர்க் குமிழோ ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி கிடைக்கும். பல்லிக்கும் அது வசதிதானே என்று கேட்பீர்கள். இருட்டாகவும் அடைத்தும் உள்ள இடத்தைத்தான் அது விரும்பி முட்டையிடுகிறது. திறந்த இடைவெளியில், அதுவும் மாதம் ஒருமுறை நீங்கள் தூசி தட்டும் இடத்தில், அவ்வளவாகத் தங்காது.

காய்ந்த எச்சத்தை நனைக்காமல், மழுங்கிய வெண்ணெய்க் கத்தியின் நுனியால் நெம்பினால் முழுதாக உதிர்ந்துவிடும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள், முடிந்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள். அப்போதே மரச்சட்டத்தையும் பாருங்கள். குண்டூசித் துளைகளும் அவற்றின் கீழே மாவுபோன்ற தூளும் தென்பட்டால் வண்டு இருக்கிறது என்று பொருள். துணியை அந்தச் சட்டத்திலிருந்து கழற்றி வேறு சட்டத்துக்கு மாற்ற வேண்டிவரும். குளவி கட்டிய மண்கூடு இருந்தால் அது தானாகக் காய்ந்து உதிரும் வரை விட்டு எடுங்கள்.

சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ புள்ளி புள்ளியாக வட்டங்கள் தெரிந்தால் அதைக் கரி என்று நினைத்து வீட்டுக்குள் தட்டிவிடாதீர்கள். படத்தை வெளியே, நிழலில், காற்றோட்டமாக வைத்து நன்றாக உலரவிட்ட பிறகே தூரிகை. வெயிலில் காயவைத்தால் பூஞ்சை சாகும் என்று சொல்பவர்கள் உண்டு. பூஞ்சையோடு நிறமும் போகும். அதே போல, ஈரத்துக்குப் பயந்து பின்பக்கத்தைப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே புழுங்கும்.

பதில்: பஞ்சாலைக்காரர், அவிநாசி

இவ்வளவு சிரமம் எதற்கு? தூசியைத் தட்டிவிட்டு மேலே தெளிப்பு வார்னிஷ் ஒரு கை அடித்துவிட்டால் அதன் பிறகு ஈரத்துணியாலேயே துடைத்துக்கொள்ளலாம் அல்லவா? வன்பொருள் கடைகளில் புட்டியாகவே விற்கிறது.

பதில்: பெரிய அச்சு, கோவை

ஐயா, அச்சிட்டு மை முழுதும் காய்ந்த புதுப் படத்துக்கு அது சரியான யோசனை, நாங்களே அதைச் செய்து கொடுக்கிறோம். நீரில் கலந்த அக்ரிலிக் வார்னிஷ் பூசிய படத்தைத் துடைப்பது எளிது, வெளிச்சத்தையும் ஓரளவு தாங்கும். கரி படிந்த பழைய படத்துக்கு அது ஆகாது. மீதமிருக்கும் எண்ணெய்ப் படலத்தின் மேல் வார்னிஷ் சீராக ஒட்டாமல் திரைந்து நிற்கும், ஒட்டிய இடத்தில் கரியை உள்ளே வைத்து நிரந்தரமாக மூடிவிடும். வன்பொருள் கடைப் புட்டியில் இருப்பது பெரும்பாலும் மரத்துக்கும் இரும்புக்குமான தின்னர் கலவை. சால்வென்ட் மையாக இருந்தால் தெளித்த இடத்திலேயே மை இளகும்.

கேட்டவர்: தறிவீட்டுக்காரர், பல்லடம்

அனைவருக்கும் மிக்க நன்றி. பின் ஓரத்தில் சோதித்துப் பார்த்தேன். கறுப்பில் ஒன்றும் வரவில்லை, ஆனால் அப்பாருவின் துண்டில் உள்ள பச்சைக் கரையின் தொடர்ச்சியில் பஞ்சு லேசாகப் பச்சையேறியது. ஆகவே தண்ணீரை விட்டுவிட்டு, தூரிகையும் ரப்பர்ப் பஞ்சும் மட்டும் பயன்படுத்தினேன். வேட்டி வேட்டியாகத் தெரிகிறது. மடிப்பில் அவர் போட்டிருந்த கஞ்சியின் கோடுகூடத் தெரிகிறது. பிசுக்கு முழுதும் போகவில்லை. பொட்டு நீங்கள் சொன்னது போலவே மங்கியதோடு நின்றுவிட்டது.

துணி எது என்று அறிய, பின்புறம் ஸ்டேப்ளர் பின்னுக்கு வெளியே பிசிறாக நின்ற ஓர் இழையை உருவித் தீயில் காட்டினேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிந்த வாசத்தோடு சாம்பலாகியிருக்கும். இது உருகிக் கறுத்த மணியாகச் சுருண்டது. பாலியஸ்டர்தான். தொய்ந்த மூலைக்குப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உலரவிட்டால் இறுகும் என்று ஒருவர் சொன்னார். அது இதற்குப் பொருந்துமா? அம்மா பொட்டு வைப்பதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை, அதற்கும் ஒரு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: தூரிகைப்பெட்டி, கோபிசெட்டிபாளையம்

தண்ணீர் தெளிப்பது பருத்திக்குச் சொன்ன வைத்தியம். நனைந்து உலரும்போது பருத்தி சுருங்குவதால் சில நாள் இறுகி நிற்கும். பாலியஸ்டர் சுருங்காது, உங்கள் பச்சை மைக்கு ஆபத்து மட்டும் மிஞ்சும். சட்டத்தின் உள்மூலைகளில் மரப்பிளவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் சிறு மர ஆப்பை அவற்றில் செருகி, சுத்தியலால் மெதுவாகத் தட்ட, சட்டம் விரிந்து துணி இறுகும். நம் ஊர்ச் சட்டங்களில் பெரும்பாலும் மூலைகளை ஆணியடித்து இறுக்கிவிடுவார்கள். அப்படியானால் அந்த மூலையின் பின்களை மட்டும் கழற்றி, அகன்ற வாய்க் குறடால் இழுத்து மறுபடி அடிக்க வேண்டும். படச்சட்டக் கடையில் கொடுத்து, நீங்கள் அருகில் நின்று செய்வித்துக்கொள்ளுங்கள். மடிப்பு விளிம்பில் மை வெடிக்காமல் இழுக்கச் சொல்லுங்கள்.

எஞ்சிய பிசுக்கை அப்படியே விட்டுவிடலாம். அதை எடுக்க முயல்வதில் உள்ள ஆபத்து, அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் இல்லை.

பதில்: ஆனைமலைச்சாரல், பொள்ளாச்சி

பொட்டுக்கு வழி இருக்கிறது தம்பி. படத்தைச் சுற்றி ஒன்றரை அங்குல அகலத்தில் தேக்கு மரச்சட்டம் ஒன்று போடுங்கள், அம்மா மேல்சட்டத்தின் நடுவில் பொட்டு வைக்கட்டும். எங்கள் மாமனார் படத்துக்கு அப்படித்தான் செய்திருக்கிறோம், யாருக்கும் குறையாகத் தோன்றவில்லை. ஸ்டிக்கர் பொட்டு ஒட்டலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உரிக்கும்போது பசை மையையும் சேர்த்து இழுத்துவரும். மாலைக்குப் படத்துக்கு மேலே தனியாக ஓர் ஆணி அடித்து, பூச்சரம் துணியைத் தொடாமல் சட்டத்துக்கு வெளியே தொங்கும்படி விடுங்கள். ஈரப் பூவிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அந்தப் பச்சைக் கரையில் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்கள் சோதனையே காட்டிவிட்டது.

விளக்கைப் படத்துக்கு நேர்கீழே வைக்காமல் ஒரு கை தூரம் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள், திரியைக் கத்தரித்துச் சிறிதாக எரியவிடுங்கள். கற்பூரத்துக்குக் கரி மிக அதிகம். அதை வாசற்படியில் காட்டிவிட்டு உள்ளே வரலாம்.

பதில்: பெரிய அச்சு, கோவை

கடைசியாக ஒன்று. சோதனையில் பச்சை மட்டும் இளகியது என்பதைப் பார்த்தால், மேலே வார்னிஷ் பூசாத நீர்வகை மை என்றே தோன்றுகிறது. அது வெளிச்சத்துக்கும் அசையும். அருங்காட்சியகங்களில் எளிதில் வெளுக்கும் பொருள்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் போதும் என்று வைத்திருக்கிறார்கள். நண்பகல் நேர்வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். ஆசாரத்தில் மாலை வெயில் நேரே விழும் சுவராக இருந்தால் எதிர்ச்சுவருக்கு மாற்றிவிடுங்கள்.

சீர்செய்த ஒளிப்படத்தின் கோப்பு உங்களிடம் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். பழைய கைப்பேசியிலோ, கடைக்காரர் கொடுத்த பென் டிரைவிலோ கிடக்கும். கிடைத்தால் இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். கிடைக்காவிட்டால், படம் இப்போது சுத்தமாக இருக்கும் நிலையிலேயே, மேகமூட்டமான ஒரு நாளில் திண்ணையில் நேராக நிறுத்தி, பளிச்சொளி (ஃபிளாஷ்) இல்லாமல் நல்ல கேமராவில் எடுத்துவிடுங்கள். நெற்றியில் நிற்கும் சிவப்பைக் கணினியில் நீக்கிவிடலாம். பிறகு எப்போது புதிதாக அச்சிட்டாலும், நிறமி மையும் மேலே இரண்டு கை அக்ரிலிக் வார்னிஷும் வேண்டும் என்று கேட்டு, பில்லிலும் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.